படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முப்பது வருடம் வார்டில் நர்ஸாக நின்றுவிட்டு, இப்போது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு என்று வாரம் ஓடிவிடும். பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, மறதி நோய், முற்றிய சுகர் என்று வீட்டுக்கு வீடு வியாதி வேறாக இருக்கும். கேட்கிற கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத வீடுகளில், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது நடுவில் ஓடிவந்து மகளோ மருமகளோ கேட்ட கேள்விகள் இவை. மாத்திரை அளவு எதுவும் இங்கே சொல்லவில்லை. அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் நைனாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது கைகாலில். அப்புறம் ஏன் சளி, மலச்சிக்கல், யூரின் தொல்லை, புண் எல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது?

எல்லாம் படுக்கை செய்கிற வேலை. மல்லாந்தே கிடந்தால் நுரையீரலின் பின்பக்கம் சரியாக விரியாது, சளி அங்கேயே தேங்கும். குடல் மந்தமாகும். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. காலில் ரத்தம் தேங்கி உறையப் பார்க்கும். மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். உடம்பின் எடை முழுவதும் நாலைந்து எலும்பு முனைகளில் இறங்கும். பல நாள் படுத்தே இருந்தவரைத் திடீரென்று நிற்க வைத்தால் பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றும்.

அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, "இன்றைக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்?" என்பதுதான். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர, உட்கார வைக்காமல் விடாதீர்கள். முதலில் தலைமாட்டை உயர்த்துங்கள். ரெண்டு நாள் கழித்துக் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்காரட்டும். அடுத்து கைவைத்த நாற்காலி. வேளைக்குப் பத்து நிமிடம் என்று ஆரம்பித்தால் போதும். சாப்பாட்டு நேரத்தை உட்காரும் நேரமாக வைத்துக்கொண்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை.

அப்படியே கைகால் மூட்டு ஒவ்வொன்றையும் மெதுவாக, வலிக்காத அளவுக்கு மடக்கி நீட்டிவிடுங்கள். ஸ்ட்ரோக் வந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்து மட்டும் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள்தான் பாசத்தில் இதைச் செய்வார்கள்.

படுக்கைப் புண் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். தினமும் பார்த்தால்தான் தெரியும்.

புத்தகத்தில் "சிவந்திருக்கும்" என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத்துத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கருத்திருக்கிறதா, ஊதா பூத்திருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடாக இருக்கிறதா, கல் மாதிரி இறுகியோ களிமண் மாதிரி கொழகொழவென்றோ இருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்த தோலாக இருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு நிறம் திரும்பினால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதுகுக்குக் கீழே வால் எலும்பு, இடுப்பு எலும்பின் ரெண்டு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, பின்னந்தலை, காதுமடல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

குதிகாலை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் அம்மா கடைசிக் காலத்தில் படுத்திருந்தபோது முதுகை தினமும் துடைத்துப் பார்த்தேன். நர்ஸ் ஆயிற்றே, விடுவேனா. மார்கழிக் குளிர் என்று காலில் சாக்ஸ் போட்டுவிட்டிருந்தேன். அதை மட்டும் ஐந்து நாள் கழற்றவில்லை. ஆறாம் நாள் கழற்றினால் வலது குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நாவற்பழ நிறத்தில் ஒரு வட்டம். தோல் கிழியவில்லை. தொட்டால் அழுகிய பழம் போல விரல் உள்ளே அமுங்கியது. மேலே தோல் முழுதாக இருக்க, உள்ளே சதை செத்துப்போயிருந்தது. ஆற நாலு மாதம் ஆனது. அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சாக்ஸைத்தான் கழற்றுகிறேன்.

குதிகாலுக்குத் தலையணை வைக்கிறேன் என்று குதிகாலுக்கே அடியில் வைக்காதீர்கள். கெண்டைக்கால் முழுவதையும் தாங்குகிற மாதிரி வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். மெத்தைக்கும் குதிகாலுக்கும் நடுவில் ஒரு காகிதம் தடையில்லாமல் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பச் சொல்கிறார்கள். தனியாக இருக்கிறேன், என் இடுப்பே போய்விட்டது.

தூக்கினால் போகத்தான் செய்யும். உருட்ட வேண்டும். உங்கள் பக்கம் திருப்புவதாக இருந்தால், உங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கையை மார்மேல் போடுங்கள். அதே எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்குங்கள். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் வைத்து உங்கள் பக்கம் உருட்டுங்கள். அந்தக் கால் மடங்கியிருப்பதால் உடம்பு தானாகவே வந்துவிடும்.

முழுதாக ஒருக்களிக்க வைத்தால் எடை எல்லாம் இடுப்பு எலும்பு முனையில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை செருகி, பாதி சாய்ந்த மாதிரி, புட்டத்துச் சதையில் எடை விழும்படி விடுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் இன்னொரு தலையணை. மேலே இழுக்க வேண்டியிருந்தால் அக்குளில் கைவிட்டு இழுக்காதீர்கள். தோல் மெத்தையில் உரசும். பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து வைத்து, ரெண்டு பேர் ரெண்டு முனையைப் பிடித்து நகர்த்துங்கள். இரண்டாவது ஆள் பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தாலும் சரி.

ராத்திரி என்ன செய்வது என்றும் கேட்பார்கள். தோலில் ஒரு மாற்றமும் இல்லாமல், மெத்தையும் நன்றாக இருந்தால் நாலு மணி நேரம் வரை விடலாம். காலையில் தோலைப் பாருங்கள். கருத்தாலோ இறுகினாலோ இடைவெளியைக் குறைத்துவிடுங்கள்.

ஏர் பெட் வாங்கிவிட்டால் திருப்ப வேண்டாமா?

வேண்டும். ஏர் பெட் கொஞ்சம் உதவி செய்யும், அவ்வளவுதான். கரண்ட் போனால் காற்று இறங்கி வெறும் ரப்பர் ஷீட்டாகிவிடும். மேலே கனமான மெத்தை விரிப்பை நாலு மடிப்பாகப் போட்டு அதன் வேலையைக் கெடுக்காதீர்கள், ஒரு மெல்லிய விரிப்பு போதும். நடுவில் ஓட்டை உள்ள வட்ட டியூப் மட்டும் வேண்டவே வேண்டாம். அது சுற்றியுள்ள தோலுக்கு ரத்தம் போகாமல் தடுத்துவிடும்.

புண் வந்துவிட்டது. மஞ்சள் வைக்கலாமா? பவுடர்?

ரெண்டும் வேண்டாம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, பெயிண்ட் மாதிரி ஊதா மருந்து எதுவும் வேண்டாம். அவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் சதையையும் எரித்துவிடும். நார்மல் சலைன் பாட்டில் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். அதை ஊற்றிக் கழுவி, நர்ஸ் காட்டிக்கொடுத்த மாதிரி டிரெஸ்ஸிங் போடுங்கள். கருத்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது. உள்ளே நைந்திருக்கும் சதை தேய்த்தால் இன்னும் நையும். காய்ந்த முழங்காலுக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

புண் ஆற ரெண்டு விஷயம் வேண்டும். அந்த இடத்தில் எடை விழவே கூடாது, உடம்புக்குப் புரதம் போக வேண்டும். முட்டை, பருப்பு, தயிர் கொடுங்கள். மீனுக்கு நமக்கென்ன குறை, காசிமேட்டு நெத்திலியும் சுறாப் புட்டும் போதும். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேளுங்கள். டயப்பர் போடுகிறவர்களுக்கு ஈரத்தில் தோல் ஊறிப்போகும். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் துடைத்து, ஒற்றி உலர்த்தி, வாசலினோ ஜிங்க் கிரீமோ மெல்லியதாகத் தடவுங்கள்.

நாற்றம், காய்ச்சல், புண்ணைச் சுற்றிப் பரவுகிற வீக்கம், கருத்த பொருக்கு, குழிக்குள் வெள்ளையாக எலும்பு மாதிரி ஏதோ தெரிவது, இதில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அஞ்சு நாளாக மோஷன் போகவில்லை. இன்று காலையிலிருந்து தண்ணியாகப் போகிறது. நிறுத்துவதற்கு மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இதில்தான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள்.

கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் இப்படித்தான் கூப்பிட்டார்கள். பெரியவருக்கு "பேதி" என்று ரெண்டு நாளாக நிறுத்தும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். டயப்பரில் தேநீர் டிகாக்ஷன் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த கறை. பேதி என்றால் அளவு இருக்கும், இதில் அளவே இல்லை. வயிறு உப்பி, இடது பக்கம் அடியில் தொட்டால் உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது. கையுறை போட்டு எண்ணெய் தடவி விரல் விட்டுப் பார்த்தால், வாசலிலேயே எலுமிச்சை அளவில் ஒரு கெட்டி உருண்டை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் ஓரமாகத்தான் தண்ணீர் மட்டும் வழிந்திருக்கிறது. மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கிவிட்டது. எனிமா கொடுத்து எடுக்க அரை நாள் ஆனது. அன்று சாயங்காலமே அவர் ஒரு வாரமாகத் தொடாத இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதனால் மோஷன் போன நாளை காலண்டரில் ஒரு புள்ளி வைத்துக் குறியுங்கள். மூன்று நாள் புள்ளி இல்லையென்றால் கேளுங்கள். அதுவரை காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. காலையில் சாப்பிட்ட இருபது, முப்பது நிமிடத்தில் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் கமோடு சேரில் உட்கார வைத்து, காலுக்கடியில் ஒரு மணை போட்டு முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி விடுங்கள். படுத்தபடியே பெட்பேனில் போகச் சொன்னால் யாருக்கும் வராது, நமக்கே வராது.

கீரை, கொய்யா, வாழைப்பழம் எல்லாம் நல்லதுதான். ஆனால் தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தை மட்டும் ஏற்றினால் அதுவே அடைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகள், கால்சியம் எல்லாம் மலத்தை இறுக்கும். மாத்திரை அட்டைகளை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு லிக்விட் பாரஃபின் கலந்த மருந்தை மட்டும் கேட்காமல் கொடுக்காதீர்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அங்கே ஒருவித நிமோனியா வரும்.

தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறார். தாகம் இல்லையாம்.

உண்மையாகவே இருக்காது. வயதானால் தாக உணர்ச்சி மங்கிவிடும். அவர் கேட்பார் என்று காத்திருந்தால் சித்திரை வெயிலில் வற்றிப்போவார். சில பேர் யூரின் போக எழ வேண்டுமே, மருமகளைக் கூப்பிட வேண்டுமே என்று வெட்கப்பட்டும் குடிக்க மாட்டார்கள். அதைப் பேசித் தீர்க்காமல் எத்தனை டம்ளர் நீட்டினாலும் பயன் இல்லை.

ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லாமல், மாத்திரையோடு ஒரு முழு டம்ளர், பதினோரு மணிக்கு மோர், மாலையில் டீ, இடையில் ரசம், தர்பூசணி என்று பிரித்துக் கொடுங்கள். எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஒன்றரை லிட்டர் பக்கம் வந்தால் நல்லது. இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான் கணக்கு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீரும் கேட்காமல் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

யூரின் டியூப் போட்டிருக்கிறார்கள். என்னென்ன பார்க்க வேண்டும்?

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. வீல் சேரில் உட்கார வைக்கும்போது பையை மடியில் வைப்பதை நிறைய பார்க்கிறேன். பையிலுள்ள பழைய யூரின் திரும்பவும் உள்ளே ஓடும். பாதிக்கு மேல் நிறைந்ததும் காலி செய்யுங்கள். முன்னாலும் பின்னாலும் கை கழுவுங்கள். டியூப் உள்ளே போகிற இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும், டெட்டால் தேவையில்லை. டியூப் மடங்கியிருக்கிறதா, அவர் அதன் மேலேயே படுத்திருக்கிறாரா என்று திருப்பும்போதெல்லாம் ஒரு பார்வை பாருங்கள். எப்போது மாற்ற வேண்டும் என்பது டியூபின் வகையைப் பொறுத்தது. போட்ட தேதியையும் மாற்ற வேண்டிய தேதியையும் பிளாஸ்திரியில் எழுதிப் பையில் ஒட்டிவிடுங்கள்.

கொஞ்சம் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருந்தால் உடனே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாள்பட்ட டியூபில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, புதிதாக வந்த குழப்பம் இருந்தால்தான் சிகிச்சை. இவை இல்லாமலே ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாது. சில மணி நேரமாக யூரின் ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு உப்பி வலித்தால் அது அடைப்பு. விடியட்டும் என்று விடாதீர்கள். டியூபை நீங்களாகப் பிடுங்கவும் கூடாது, உள்ளே பலூன் இருக்கிறது.

ஆயா நேற்று வரை நன்றாகப் பேசினார். இன்று என்னையே தெரியவில்லை, சுவரைப் பார்த்துப் பேசுகிறார். காத்து கருப்பு என்கிறார்கள்.

மந்திரித்துக் கயிறு கட்டுவதென்றால் கட்டுங்கள், நான் தடுப்பதில்லை. அதற்கு முன்னால் தெர்மாமீட்டரை எடுங்கள்.

மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். ஒரே நாளில் ஆள் மாறினால் உடம்பில் ஏதோ நடக்கிறது. யூரினில் கிருமி, நெஞ்சில் சளி, தண்ணீர் வற்றியது, சுகர் இறங்கியது, மலம் அடைத்தது, யூரின் அடைத்தது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. வயதானவர்களுக்கு இவற்றில் பலவும் எரிச்சல், இருமல் என்று வழக்கமான அடையாளத்தோடு வருவதில்லை. குழப்பமாகத்தான் வரும். சத்தம் போடுகிறவரைக் கவனித்துவிடுவோம். சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டே இருப்பவரை "நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று விட்டுவிடுவோம். அவருக்கும் இதே பிரச்சினையாக இருக்கலாம்.

காய்ச்சல், சுகர், கடைசியாக மோஷனும் யூரினும் எப்போது என்று பார்த்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். வாய் கோணல், ஒரு கை தொங்கிப்போவது, நாக்குழறல் சேர்ந்திருந்தால் நேராக 108. ஸ்ட்ரோக்கில் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று அங்கே கேட்பார்கள், சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பிடும்போது இருமுகிறார். தண்ணியாகக் கஞ்சி கொடுத்தால் சரியாகுமா?

தண்ணியாகக் கொடுத்தால்தான் அதிகமாகும். கெட்டியான உணவைவிட வெறும் தண்ணீர் தொண்டையில் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் விழும். கரண்டியிலிருந்து மெதுவாக வழிகிற பதத்தில் கஞ்சி இருக்கலாம். எந்தப் பதம் அவருக்கு ஒத்துவரும் என்று விழுங்கும் பயிற்சி தருபவரிடம் ஒரு தடவை காட்டிக் கேட்பது நல்லது.

கஞ்சி என்றதும் ஒன்று. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியை இன்னமும் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்று சொல்கிற பெரியவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்தில்தான் 1799-ல் அந்த ஆஸ்பத்திரி தொடங்கியது. நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பது நமக்கு அவ்வளவு பழைய பழக்கம். படுக்க வைத்துக் கொடுப்பது மட்டும்தான் தப்பு.

நேராக நிமிர்த்தி உட்கார வையுங்கள். தாடை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கட்டும். சின்னக் கரண்டியால் ஊட்டி, அவர் விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகு அடுத்தது. சாப்பிடும்போது டிவி வேண்டாம், பேச்சு கொடுக்கவும் வேண்டாம். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கொளகொளவென்றால், சத்தமில்லாமல் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். நிறுத்திவிடுங்கள்.

மூக்கு டியூப் வழியாகக் கொடுப்பவர்களும் தலைமாட்டை உயர்த்தித்தான் கொடுக்க வேண்டும். டியூப் இருந்தால் புரையேறாது என்பது பொய். மூக்கருகே டியூபில் ஒரு கோடு போட்டு வைத்து, ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே வந்திருந்தால் எதுவும் ஊற்றாதீர்கள்.

வாயால் எதுவுமே சாப்பிடாதவருக்கும் தினம் ரெண்டு வேளை வாய் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கு எச்சில் நுரையீரலுக்குள் இறங்கித்தான் நிமோனியா வருகிறது. பல்செட்டை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள்.

வயதான அம்மாவின் சுகர் 200 இருக்கிறது. இன்னும் கட்டுப்படுத்த வேண்டாமா?

நாற்பது வயதுக்காரருக்கு வைக்கிற கணக்கைப் படுக்கையில் இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு வைப்பதில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையில் 8 பக்கம் இருந்தாலும் டாக்டர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இவர்களுக்கு உடனடி ஆபத்து இறங்குவதில்தான். 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், உளறல். விழுங்க முடிகிறவராக இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரைகளால் இறங்கிய சுகர், ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். "சரியாகிவிட்டதே" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

சாப்பிடாத நாளில் ஊசியை வழக்கமான அளவில் போடலாமா என்பதை இப்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அன்றைக்குப் போன் கிடைக்காது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம்.

என் தம்பி பல வருடமாக மனநல மாத்திரை சாப்பிடுகிறான். உடம்புக்கு என்ன பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதால் கேட்டவரைப் பாராட்டத் தோன்றியது. மனநோய் உள்ளவர் "வயிறு வலிக்கிறது" என்றால், அதையும் நோயின் பேச்சு என்று தள்ளிவிடுகிறோம்.

ஒலான்சபின், குளோசபின் போன்றவை எடையையும் சுகரையும் கொழுப்பையும் ஏற்றும். எடை, இடுப்பளவு, பிரஷர், சுகர் எல்லாம் முறையாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். குளோசபின் சாப்பிடுகிறவருக்கு மலச்சிக்கல் சாதாரண விஷயம் இல்லை. குடலே நின்றுபோய் உயிருக்கு ஆபத்தாகும். இதே மாத்திரையில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் வெள்ளணு குறைந்திருக்கலாம், அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு வெயிலில் தண்ணீர் வற்றினாலோ, வாந்தி பேதி வந்தாலோ, கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை அதிகமாக நடுங்கி, தள்ளாடி, வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி. இதற்கெல்லாம் பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. தைலம் போட்டு நீவிவிடலாமா?

கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். நீவினால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகலாம். அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும். திடீர் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108. ரெண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் வேறு காரணம், அதையும் காட்டுங்கள்.

ராத்திரியில் ஒரே அரிப்பு. இப்போது வீட்டில் எல்லோருக்கும்.

எல்லோருக்கும் என்றாலே சிரங்குப் பூச்சியைத்தான் நினைக்க வேண்டும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், அக்குள் பாருங்கள். டாக்டர் பெர்மெத்ரின் கிரீம் எழுதினால், அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து கால் வரை தடவி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துணி, போர்வையைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். நோயாளிக்கு மட்டும் தடவினால் அடுத்த மாதம் மறுபடி கூப்பிடுவீர்கள்.

இருமல் ஒரு மாதமாக இருக்கிறது. இங்கே காற்றே இப்படித்தானே?

மணலி, எண்ணூர் தொழிற்சாலைப் புகையை நானும் சுவாசிக்கிறேன். ஆனால் எல்லா இருமலையும் புகையின் தலையில் கட்டிவிடுவதில்தான் டிபி தப்பித்துக்கொள்கிறது. ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால், அதுவும் சுகர் இருப்பவருக்கு, சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஓட்டேரியில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

மாதா மாதம் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போக முடியவில்லை. வீட்டுக்கு யாராவது வருவார்களா?

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவது, பிசியோதெரபி, நோய் முற்றியவர்களுக்கான வலி தணிப்புச் சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. உங்கள் பகுதி மாநகராட்சி ஹெல்த் சென்டரில் நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் சில நேரம் தாமதமாகும். வருகிற அக்காவின் போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567.

மூன்றாவது மாடி ஹவுசிங் போர்டு வீடு, லிஃப்ட் இல்லை. அவசரம் என்றால் எப்படி இறக்குவது?

இதை அவசரம் வருவதற்கு முன்பே யோசித்து வைப்பவர்கள் குறைவு. எலும்பு முறிவு, முதுகில் அடி, மயக்கம் இல்லாதவராக இருந்தால் கைவைத்த உறுதியான நாற்காலி போதும். ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். அதில் உட்கார வைத்து, மார்புக்குக் குறுக்கே ஒரு புடவையால் நாற்காலியோடு தளர்வாகக் கட்டி, கைகளை மடியில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பயத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வார். பலமானவர் கீழ்ப்படியில் நாற்காலிக் கால்களைப் பிடிக்க, இன்னொருவர் மேலே முதுகுப்பக்கம் பிடிக்க, நோயாளியின் முகம் இறங்கும் திசையைப் பார்த்திருக்க, பின்பக்கம் சற்றே சாய்த்து ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். மூன்றாவது ஆள் முன்னால் போய் படியில் இருக்கும் சைக்கிள், குடம், செருப்பை எல்லாம் எடுக்கட்டும். கீழே விழுந்து இடுப்பு வலிக்கிறது என்பவரை இப்படி உட்கார வைக்காதீர்கள், ஸ்ட்ரெச்சர் வரும்வரை அசைக்காமல் விடுங்கள்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கட்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை, ஒரு டயப்பர், ஒரு துண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அதைப் பையின் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். தலையில் அடிபட்டு வந்தால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.